நிறம்: தெரியாது

லீஸ் சரக்கு நிலையத்தில் ஆறு கமராக்கள்.
நான் அங்கே இல்லை.
பீல் நகரில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
ஹீட்டர் போட்ட அறையில் இருக்கிறேன்,
கையில் பாதி உரித்த தோடம்பழம்.

இலையுதிர் காலத்தில் சீனிக்கிழங்கு வரும்.
கிழங்கோடு சேறு, சேற்றோடு எலி,
எலிக்குப் பின்னால் நரி.
நரி கடந்தால் அலாரம்.
மூன்றாம் கமராவின் கண்ணுக்குக் குறுக்கே
ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது.
அது கால் மாற்றி வைத்தாலும் அலாரம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்.
சிலந்திக்கு மட்டும் செப்டெம்பரில்
நாற்பத்தொரு படிவம் நிரப்பினேன்.

அவன் வருவது செவ்வாய் இரவுகளில்.
அவனோ, அவளோ. தொப்பி மூக்குவரை.
இடக்கைப் பழக்கம். தோளில் சுப்பர்மார்க்கெட் பை.
முதல் வேலை, பெட்டியின் இலக்கத்தைச்
சட்டைக் கையால் துடைப்பது.
பன்னிரண்டு இலக்கம். ஒரு துளி படவிடுவதில்லை.
இலக்கம் மறைந்தால்
பெட்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போய்
உரித்துக் கழுவிவிடுவார்கள்.
இலக்கம் தெரிந்தால் போதும், பெட்டி ஓடும்,
மேலே என்ன இருந்தாலும்.

ஆளைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும்.
பொலிஸ் வரப் பதினான்கு நிமிடம்.
அவனுக்கு வேண்டியது பதினொன்று.
அழுத்தினேன். ஒரு இரவும் அழுத்தாமல் விட்டதில்லை.
ஒன்பதாம் நிமிடத்தில்.
தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்:
சிலந்தி என்று நினைத்தேன்.

இரவில் கமராவுக்கு நிறம் கிடையாது.
சாம்பல், அதைவிடக் கொஞ்சம் சாம்பல்,
நடுவே ஆளுயர வெள்ளை எழுத்துகள்,
சுண்ணாம்பு அடித்ததுபோல.
படிவத்தில் நிறம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
தெரியாது என்று எழுதுவேன்.
ஏழு செவ்வாய். ஏழு தெரியாது.

எட்டாவது முறை, விடிந்து புதன்கிழமை,
வீட்டுப் பக்கம் போகாமல் லீஸுக்கு ரயில் எடுத்தேன்.
வேலியில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியாதா?
நானே ஆறு தடவை அறிவித்திருக்கிறேன்.

ரோஸ்.
குழந்தைச் சட்டை ரோஸ்.
ஓரத்தில் ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை.
யாரோ வீட்டுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சிய வாளிகள்.
வெள்ளையைத் தேடினேன்.
வெள்ளை எங்கேயும் இல்லை.
ஏழு வாரமாய் வெள்ளை என்று நான் பார்த்தது துரு,
பெட்டியின் சொந்தத் துரு.
கமராவின் இருட்டு வெளிச்சத்துக்கு அது பளிச்சிடும் போல.
அவன் எழுத்தைப் பூசவேயில்லை.
சுற்றவரப் பூசி, எழுத்தை விட்டுவிட்டிருந்தான்.

என்ன சொல் என்று பார்த்தேன்.
வாசிக்க வரவில்லை. பெரிதாய்க் கவலையும் வரவில்லை.
நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். ஈரம்.
மேலிருந்து ஒரு கிழங்கு விழுந்து
காலடிவரை உருண்டது.
நிமிர்ந்தால்,
ஆறாம் கமரா கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

இரவு வேலைக்கு வந்தபோது
பகல்காரி ஸ்பிண்டனின் படிவம் மேசையில்:
07.12. பெண். தனி ஆள். அடையாளம் தெரியவில்லை.
பதினொரு நிமிடம் நின்றாள்.
சால்வை: மஞ்சள்.
பொலிஸுக்கு அறிவித்தது: இல்லை.
காரணம்: சிலந்தி.

என் சால்வையைக் கழற்றிக் கொளுவியில் போட்டேன்.
ஸ்பிண்டன் கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே
அதைப் பார்த்தாள்.
"நாளைக்கு உறைபனி" என்றாள்.
லிஃப்ட் வரக் காத்திராமல்
படியால் இறங்கிப் போனாள்.

அடுத்த செவ்வாய், இரண்டு மணி நாற்பது.
தொப்பி, பை, சட்டைக் கை, இலக்கம்.
ஒன்பதாம் நிமிடம் பொத்தான்.
படிவத்தைத் திறந்தேன்.
நிறம் என்ற கட்டத்தில்
கை தன்பாட்டில் ரோஸ் என்று அடித்துவிட்டது.
இரவுக் கமரா எப்படி ரோஸைக் கண்டது என்று
ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் கேட்பார்.
அழித்தேன். தெரியாது என்று எழுதினேன்.

தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் நின்றேன்.
மூன்றாம் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வலை இருந்தது, விளிம்பெல்லாம் பனி.
நடுவில் சிலந்தி சுருண்டு, அசையாமல்.

வேறு காரணம் பார்க்க வேண்டும்.