விளிம்பைக் காட்டு

ஏலம் முடிய நாலு நிமிடம்.
கோத்தகிரியில் மழை. ஜன்னலோரம் மட்டும்தான்
சிக்னல், அதுவும் இரண்டு கோடு.

முப்பத்தொன்பதாம் வருட ஒரு ரூபாய்.
எடை கேட்டேன். 'ஒரிஜினல் சார்' என்றான்.
விளிம்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்;
அதே முகத்தை இன்னும் பெரிதாக்கி அனுப்பினான்.
'வெளியே ஜிபே பண்ணுங்க,
ஆயிரம் குறைச்சுக்கறேன்.'

போன மாதம் வேறொரு பெயரில்
இதே படம், இதே பச்சைத் துணி,
ராஜாவின் காதருகே இதே கீறல்.
வந்த காசு காந்தத்தில் தாவி ஒட்டியது.
வாங்கிய குன்னூர் பெள்ளிராஜிடம்
பெயரில் மட்டும்தான் வெள்ளி.

தெரிந்தும்
விரல் பொத்தானைவிட்டு எழவில்லை.

கரண்ட் போனது. கூடவே டவரும்.
இருட்டில்
பதினொன்று புள்ளி ஆறாறு கிராம்
நெஞ்சிலிருந்து இறங்கியது.