ஐம்பத்தெட்டுக் கிலோ

அங்கர் ரின் இரண்டிலும் டச் பே மணல்.
ஈரத்தோடு அள்ளியதில் ஒன்று கூட, ஒன்று குறைய,
முதல் நாளே இடது தோள் இறங்கிப்போனது.
பிறகு மணலை வெயிலில் பரப்பினேன்,
செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில்.
ஒரு கிழமை சம்பலில் மண் கடிபட்டது.
குறை சொல்லியிருக்கக்கூடிய ஆளுக்கு
அப்போது பேச்சு வரவில்லை.

பாரிசவாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு
போகிற போக்கில் சொற்களையும் அள்ளிப்போனது.
இலக்கங்கள் மட்டும் கொஞ்சம் சிந்திக் கிடந்தன.

தோகாவிலிருந்து மகன் சொன்னான்: ஆள் வைப்பம், அம்மா.
வைத்தோம். பிரதீபன் நல்ல பெடியன்தான்.
இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து
ஒரே மூச்சில் தூக்கிக் கதிரையில் போட்டான்.
சீனன்குடா மா ஆலையில் முப்பத்தொரு வருடம்
லொறிகளை நிறை பார்த்து அனுப்பியவர்,
மூட்டைக்கு மூட்டை கணக்கு வைத்தவர்,
கண்ணை மூடிக்கொண்டார்.
நாலாம் நாள் பெடியனைக் காசு கொடுத்து அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி அட்டையில் இருந்தது: ஐம்பத்தெட்டுக் கிலோ.
அன்றைக்கு என்னால் முடிந்தது
பத்துக் கிலோ நாட்டரிசிப் பை.
அதுவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"முதுகால இல்ல, முழங்காலால" என்றா நிமேஷா மிஸ்,
தனக்குத் தெரிந்த தமிழில்.
"கதிரையில இருக்கப் போங்க. இருக்காம எழும்புங்க."
இருக்கப் போய் இருக்காமல் எழும்புவது
இந்த வீட்டில் எனக்குப் பழகிய வேலைதானே,
காலைத் தேத்தண்ணியிலிருந்து.
ஆனாலும் பன்னிரண்டாவதில் தொடை நடுங்கியது.

ரின்களுக்குப் பிறகு ஐந்து லீற்றர்த் தண்ணிப் போத்தல்.
நெஞ்சோடு அணைத்த அம்மிக் குழவி.
பிறகு வெறும் காஸ் சிலிண்டர்,
குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும், திரும்பவும்.
மதிலுக்கு மேலால் செபமலர் அக்கா:
"என்ன, காஸ் முடிஞ்சுதோ?"
ஓம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளும் சொன்னேன்.
அடுத்த நாள் ஒரு சட்டி புட்டோடு வந்து நின்றா.

கட்டிலிலிருந்து அவர் எண்ணுவார்.
ஒண்டு. ரெண்டு. நாக்கைத் தேடி மூண்டு.
ஏழு வரைக்கும் ஒழுங்காய் வரும்.
பிறகும் ஏழு.
பிறகும் ஏழு.
ஏழில் ஏதோ ஒரு லொறி
பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறது.
எட்டு வரும் வரைக்கும் நானும் இறக்குவதில்லை.
சில நாள் பதினைந்து ஏழு, ஒரு நாள் இருபத்திரண்டு.
என் கையில் ஏறிய பலத்தில் பாதி
அவர் தாண்ட முடியாமல் நின்ற இடம்.

கச்சான் காற்று உவர்மலையை உலுக்கிய ஒரு காலை,
கேட்டடியில் புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த லொத்தர் தாளைத் தின்றுகொண்டிருக்க,
நான் குனியாமல் குந்தி,
அவர் இடது கையை என் கழுத்தில் போட்டு,
முழங்காலால் முழங்காலை முட்டுக்கொடுத்து
எழும்பினேன்.
எழும்பினோம்.
அந்த இடது காலும் நிலத்தைத் தள்ளியது, நிச்சயம் தள்ளியது.
ஐம்பத்தெட்டில் எனக்கு வந்தது எவ்வளவு என்று
எந்தத் தராசில் பார்ப்பது?
முகச்சவரம் செய்யாத தாடை என் காதைச் சுரண்டியது.
பல மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒரே உயரத்தில்.

கதிரையில் இருத்தியதும் சொன்னார்: "ஏழு."
"எட்டு" என்றேன்.
கள்ளப் பாரம் ஏற்றிவந்த லொறிக்காரனைப் பார்ப்பதுபோல
என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மத்தியானம் பையை அவிழ்த்து
இரண்டு சுண்டு அரிசி உலையில் போட்டேன்.
நாளைக்குப் பை இலேசாய் இருக்கும்.
இன்னும் கொஞ்சம் மணல் காயவைக்க வேணும்,
மிளகாய்க்குத் தள்ளி.