கொத்தொ தூர், கொத்தொகொன்

பாபு ராவ் தெருவில்
இரண்டு லாட்ஜுக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவே
ஒடுங்கி நிற்கிறது எங்கள் டிராவல்ஸ்.
கண்ணாடியில் வங்க எழுத்து பெரிதாக,
அதன் காலடியில் தமிழ்.
உள்ளே நான், ஒரு பிரிண்டர், தலையாட்டும் மேசை விசிறி.

ஆறு வருடத்தில் நான் கற்ற வங்காளம்
இரண்டே கேள்வி.
கொத்தொ தூர்? எவ்வளவு தூரம்.
கொத்தொகொன்? எவ்வளவு நேரம்.
பதில் சுவரில் ஒட்டியிருக்கிறது:
சென்னையிலிருந்து கொல்கத்தா
நூல் பிடித்தாற்போல் போனால்
ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர்.
போக, இரண்டு மணி இருபது நிமிடம்.
வர, இரண்டு மணி முப்பத்தைந்து.

தோட்டப்பாளையத்தில் கார் ஏறி
வாலாஜா சுங்கச்சாவடியில் நின்று
ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளின் பின்னே ஊர்ந்து
மீனம்பாக்கம் சேரும் மூன்றரை மணி
அந்தத் தாளில் இல்லை.
அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது.
அடுத்த பொங்கலுக்குள் விமானம் என்று
ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார் முதலாளி ஜவாஹிர் பாய்.

தை பிறந்த நாலாம் நாள்
ஸ்வபன் மண்டல் வந்தார்.
கோசாபாவில் படகுக்காரர்.
மனைவி வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில்,
பழுப்பு எக்ஸ்ரே உறையை மடியில் நிறுத்தி
அதன்மேல் மோவாயை வைத்திருந்தாள்.

பெயர் கேட்டார். பிரமிளா என்றேன்.
ப்ரொமிலா, என்று
தன் ஊருக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

சுவரில் விரல் வைத்துப் படித்தார்.
மறுபடி படித்தார்.
தூரம் ஒன்றுதானே,
வருவதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஏன் கூட?

ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
காற்று, என்றேன் என் ஓட்டை இந்தியில்.
குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று.
போகையில் முதுகில், வருகையில் முகத்தில்.

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.
எங்கள் ஆறும் அப்படித்தான்.
கரைக்கும் கரைக்கும் கயிறு கட்டி அளந்தால்
தூரம் என்றைக்கும் அதேதான்.
ஏற்றம் தள்ளினால் இருபது நிமிடம்,
வற்றத்தில் ஐம்பது.
யார் கேட்டாலும் நான் ஏற்றம் என்பேன், இருபது என்பேன்.
அப்போதுதான் ஏறி உட்காருவார்கள்.

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்.
அவளுக்கு இந்தி தெரியாது.

இரண்டு டிக்கெட்.
அவளுக்கு ஜன்னலோரம், சக்கர நாற்காலி.
எக்ஸ்ரே உறைக்கு எடை போடுவார்களா என்றார்.
போடமாட்டார்கள் என்றேன்.
மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருப்பார்களே,
அதற்கும் இப்போதே போட்டுவிடட்டுமா? விலை குறைவு.
பிரிண்டரைப் பார்த்தபடி
போக மட்டும், என்றார்.

ஸ்கூட்டரில் விரிஞ்சிபுரம் திரும்புகிற வழி.
அப்துல்லாபுரம் வேலிக்கு அப்பால்
ஓடுபாதை வெறுமனே வெயிலை ஆற்றிக்கொண்டிருந்தது.
வெகு உயரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி.
பெங்களூர் போவது அது. வேலையே இதுதான், தெரியாதா எனக்கு?
ஆனாலும் வண்டியை ஓரங்கட்டினேன்.

மறுநாள் இரவு போன்.
பின்னால் தண்ணீரும் டீசல் மோட்டாரும்.
ப்ரொமிலா,
இரண்டு மணி எட்டு நிமிடம்.
கடிகாரம் பார்த்தே வந்திருக்கிறார் முழு வானத்தையும்.

அவளைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
ஆறு எப்படி, ஏற்றமா வற்றமா என்றேன்.

ஏற்றம், என்றார்.
மோட்டார் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.