பதினேழுக்குள்

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை
முதலில் படித்துவிடுகிறவள் நான்.
யார் சாகப்போகிறார்கள் என்று தெரிந்தபிறகுதான்
அவர்களோடு நிம்மதியாகப் பழக முடிகிறது.

கோட்டூரிலிருந்து மன்னார்குடிக்குக்
காலை ஏழே காலுக்கு டவுன் பஸ்.
இடம் கிடைத்தால் இருபது பக்கம்,
கம்பியைப் பிடித்து நின்றால் ஆறு.
பாமணி ஆற்றுப் பாலத்தில்
எந்த வரியில் இருந்தாலும் தலை நிமிர்வேன்.
தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க அல்ல,
கழுத்து வலி.

கிளை நூலகத்தில் இரண்டு டோக்கன்.
ஒன்றில் நாவல்,
இன்னொன்றில் யாரும் தொடாத ஏதாவது:
தேனீ வளர்ப்பு, பாம்புக்கடிக்கு முதலுதவி.
நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு
பாம்புக்கடியை இரண்டு முறை படித்திருக்கிறேன்.
யாராவது கேட்டால்
"முடிச்சிட்டேன், முடிவு சுமார்தான்" என்பேன்.
முடிவு தெரியும் என்பதால்
அது முழுப் பொய்யும் இல்லை.

எழுதுவது வேதியியல் ரெக்கார்டு நோட்டில்,
படம் வரைய விட்டிருக்கும் இடப்பக்கத்தில்.
பென்சிலால்.
கையெழுத்துக்கு வைக்கும் முன் அழித்துவிடலாம்.
எட்டாவது உப்புக்கு எதிரில்
அழுத்தி எழுதிய ஒரு "ஏன்" மட்டும்
சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெரிகிறது.

போன சித்திரை முழுக்க
ஒரு ரஷ்ய மொழிபெயர்ப்பின் கிறக்கத்தில்
பனியாக எழுதித் தள்ளினேன்.
கூரையில் பனி, குதிரையின் இமையில் பனி.
கூத்தாநல்லூர் ஃபர்சானா கேன்டீனில் அதைப் படித்தாள்.
துப்பட்டா நுனியால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டாள்:
"இவ்ளோ குளிருல உன் கதாநாயகி
ஏன்டி மோர் குடிக்கிறா?"

அப்பாவுக்கு நெல் கொள்முதல் நிலையத்தில்
மூட்டை தூக்கும் வேலை.
தை மாதம் சோறு கொண்டுபோனால்
அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை
அடுக்கிய சாக்குகளின் நிழலில் படிப்பேன்.
கருவியில் ஒரு பிடி நெல்லைப் போடுவார்கள்.
ஈரப்பதம் பதினேழுக்குள் என்றால் எடைக்குப் போகும்.
அன்று பைங்காநாட்டுக்காரர் ஒருவருக்குப்
பத்தொன்பது காட்டியது.
எதுவும் பேசாமல் தார் ரோட்டில் கொட்டி
காலால் அளைந்துகொண்டிருந்தார்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
நான் எத்தனையாவது பக்கத்தில் இருந்தேன் என்று
நினைவில்லை.

அன்றிரவு என் வரிகளை
ஒவ்வொன்றாய் அந்தக் கருவியில் போட்டுப் பார்த்தேன்.
"கண்ணீர்க் கடல்" முப்பது.
"உயிரின் உயிரே", சொல்லவே வேண்டாம்.
ரப்பர் தீரும் மட்டும் அழித்தேன்.
மிஞ்சிய நான்கு வரியைப் பார்த்து
ஃபர்சானா உதட்டைப் பிதுக்கினாள்.
"எங்க மாமா மில்லுல
ரொம்பக் காஞ்ச நெல்லு வந்தா கத்துவாரு.
அரைச்சா எல்லாம் நொய்யி."
நொய்யில் கஞ்சி வைக்கலாமே என்றேன்.
"அப்ப கஞ்சின்னு தலைப்பு வை."

வைக்கவில்லை.
பைங்காநாட்டுக்காரரை எழுதினேன்,
ஒன்பதாவது உப்புக்கு எதிரில், பேனாவால்.
அழிக்க முடியாது என்பது
நோட்டை மேசையில் வைத்தபிறகுதான் உறைத்தது.

திரும்பி வந்தது.
உப்பின் பக்கத்தில் வழக்கமான சிவப்புக் கையெழுத்து.
இடப்பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை,
ஓர் எழுத்தைச் சுற்றி மட்டும் சின்ன வட்டம்.
"காலால் அளைந்தார்" என்பதை
"அலைந்தார்" என்று எழுதியிருக்கிறேன்.

திருத்துவதா விடுவதா என்று
புத்தகத்தைத் திறக்காமலே
பாலம் தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.