கொட்டைப் பக்கம்

பெங்களூரில் என் நாத்தனார் குளியலறை அலமாரியில்
ஒரு டப்பா வைத்திருக்கிறாள்.
உள்ளங்கைக்குள் அடங்கும்.
விலை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
முதுகைத் திருப்பிப் படித்தேன்:
மாங்கொட்டை வெண்ணெய்.
தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள்
தனியாகச் சிரித்துவிட்டேன்.

காவேரிப்பட்டணத்துக் கூழ் ஃபேக்டரியில்
மூன்று சீசனாக நான் கொட்டைப் பக்கம்.
சதை அந்தப் பக்கம் போகும், கப்பலேறும்.
கொட்டை என் பக்கம் வரும்,
ஈயோடு சேர்ந்து டிராக்டர் ஏறும்.

மேஸ்திரி வஜ்ரவேலுவிடம் ரெண்டு சாக்கு கேட்டேன்.
"எதுக்கு?"
"மூஞ்சிக்கு."
ஒரு நொடி என்னைப் பார்த்தான்.
மூன்றாவது சாக்கையும் கொடுத்தான்.

மொட்டைமாடியில் காயவைத்துக் கல்லால் தட்டி
பருப்பெடுத்ததில் கட்டைவிரல் நகம் கறுத்தது.
செக்குக்காரர் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.
"இதைப் போட்டா அடுத்து ஆட்டுற எள்ளு கசக்கும்மா."
சரியென்று
இடித்தேன், கொதிக்கவைத்தேன், ஆறவிட்டேன்,
மேலே படிந்ததைக் கரண்டியால் வழித்தேன்.
மூன்று சாக்குக்கு முக்கால் டம்ளர்.
அந்த டப்பாவின் விலைமேல்
முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

தேங்காயெண்ணெய் நானூறு ரூபாய்.
ஆமணக்கெண்ணெய் நாற்பது.
காஸ்டிக் சோடா அறுபத்து நாலு, ஹார்டுவேர் கடையில்.
"அடைப்பா?" என்றான் பையன். ஆமாம் என்றேன்.
ஸ்வீட் ஸ்டால் தில்ஷாத்திடம் தராசு இரவல்,
ஒரு கிராம் பிசகக் கூடாதே.
தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும்,
சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது.
வேறெதைத் தப்பாகச் செய்தாலும் பரவாயில்லை,
இதை மட்டும் வேண்டாம்.
ஜன்னலைத் திறந்துவையுங்கள்.
பிள்ளையை அடுத்த வீட்டில் விடுங்கள்.

மைசூர்பா டப்பாவில் ஊற்றி, அறுத்து,
பரண்மேல் நாற்பது நாள்.
இருபத்திரண்டாம் நாள் ஒரு கட்டியின் மூலையை
எலி சுரண்டியிருந்தது.
முதல் வாடிக்கையாளர்.

பதினான்கு கட்டி. கட்டி முப்பத்தாறு ரூபாய்.
நோட்டில் எழுதி அடியில் ரெண்டு கோடு போட்டேன்.
நகத்தைச் சேர்க்கவில்லை.
வீட்டுக்காரர் முனிரத்தினம் விட்ட பெருமூச்சையும்.

நாற்பத்தோராம் நாள் குளிக்கப் போனேன்.
போர்த் தண்ணீர்.
வாளி ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுமே, அது.
தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை,
பால் திரிந்த மாதிரி திப்பிதிப்பியாய்
முழங்கையில் ஒட்டியது. முடியில் பிசுக்கு.
ராணி மாதிரி போனவள்
தோசைக்கல் மாதிரி வந்தேன்.
நாத்தனார் வீட்டில் வழுக்கியது
டப்பாவின் சாமர்த்தியமா, குழாயின் சாமர்த்தியமா?

ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு
நாலு நாளுக்கு ஒருமுறை.
வீட்டுக்கு எட்டுக் குடம், குடிக்க மட்டும்.
வியாழக்கிழமை விடிகாலை
ஏழு குடம் சமையலறைக்குப் போனது.
எட்டாவது என் இடுப்பில் இருந்தது.
நடையில் வலப்பக்கம் திரும்பினேன்.

என்னத்தைச் சொல்ல.
கை பட்டதும் நுரைத்தது.
கழுத்து, அக்குள், கறுத்த நகத்தின் இடுக்கு வரைக்கும்.
தோள்பட்டையில் தண்ணீர் நின்று யோசித்துவிட்டு
இறங்கியது.
வெளியே ராஜம்மா யாரிடமோ
குழாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
நான் கடைசிச் சொம்பை ஊற்றாமல்
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நோட்டை எடுத்தேன்.
முப்பத்தாறு பக்கத்தில் எழுதினேன்:
கூட்டல், ஒரு குடம்.
அதற்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல்
மூடிவைத்தேன்.
சனிக்கிழமை வரைக்கும் சோறு வடிக்க
போர்த் தண்ணீர்தான். மஞ்சளாக வெந்தது.
முனிரத்தினம் பார்த்தார், கேட்கவில்லை.

விஷயம் எப்படியோ ஃபேக்டரிக்குப் போய்விட்டது.
வஜ்ரவேலு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்,
தனக்கும் ஒரு கட்டி வேண்டுமாம்.
"மூஞ்சிக்கா?" என்றேன்.

எலி கடித்ததைக் கொடுத்தேன்.
முப்பத்தாறு ரூபாய். சில்லறையாக.