கால் விநாடி

வலது காலணி மட்டும் வந்திருந்தது,
காகித உறைக்குள்.
பழுப்புத் தோல். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்தது.
உறைமேல் பேனாவில்:
ஓக் போங்-சிக், அறுபத்தெட்டு,
டாக்சி ஓட்டுநர், ஜெச்சன்.

மொத்தம் ஏழு விநாடி.
ஆஸ்பத்திரி வாசலில் பயணியை இறக்கிவிட்டுத் திரும்பியவர்
மருந்துக்கடையை, பேருந்து நிறுத்தத்தை,
சங்கிலியிட்ட சைக்கிள்களைத் தாண்டி
டோஃபு கடைக்குள் போய் நின்றார்.
கடைக்காரி பின்கட்டில்
சோயா ஊறவைத்துக்கொண்டிருந்ததால்
இந்தக் கோப்பு மெலிதாக இருக்கிறது.

அவருடைய வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம்.
"பிரேக்கைத்தான் மிதித்தேன்.
கல் மாதிரி இருந்தது.
எழுந்து நின்று மிதித்தேன்.
வண்டி கேட்கவில்லை."
முப்பத்தொரு வருஷம் தவறாத கால் என்கிறார்,
தலைமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

காரின் வாக்குமூலம் அரைப் பக்கம்கூட இல்லை.
அரை விநாடிக்கு ஒரு வரி.
ஆக்சிலரேட்டர் தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றொன்பது.
பிரேக் இல்லை. இல்லை. இல்லை.
ஏழில் கடைசி ஐந்து விநாடிகளைத்தான்
அது ஞாபகம் வைத்திருக்கிறது.

நீதிமன்றத்தில் நான் சொல்ல வேண்டியது
எனக்கு மனப்பாடம்.
மோட்டாருக்கு என்ன வெறி பிடித்தாலும்
பெடலிலிருந்து சக்கரம்வரை
எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்று ஓடுகிறது.
அதற்கு மென்பொருள் தெரியாது.
அது கசிந்தால் இன்னொன்று.
கரண்ட் செத்தாலும் வண்டி நிற்கும்,
கனத்து, முனகி, ஆனால் நிற்கும்.
இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால்
பிரேக்கின் சொல்தான் செல்லும்.

"அப்போது நான் பொய் சொல்கிறேனா?"
போன வழக்கில் ஒரு பூக்கடைக்காரி கேட்டாள்.
இல்லை என்றேன்.
அறிக்கையில் அந்த இல்லையை எழுத
கட்டம் எதுவும் கிடையாது.

விளக்கைச் சாய்த்து வைத்தேன்.
பிரேக் பெடலில் சதுரங்கள் இருக்கும்,
ஆக்சிலரேட்டரில் நெடுங்கோடுகள்.
ரப்பர் அடியில், பெருவிரலுக்குக் கீழே,
மூன்று நெடுங்கோடுகள்,
சீப்பு வைத்து அழுத்தியதுபோல.
உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மிதித்த மிதி.
அத்தனை ஆழம்.

நில், என்று அவர் சொல்லித்தான் இருக்கிறார்.
தலையிலிருந்து புறப்பட்ட சொல்
இடுப்பு கடந்து, முழங்கால் கடந்து,
நாலு விரற்கடை வலப்புறம் போய் இறங்கியது.
அங்கிருந்து பார்த்தால் கார் ஓடுகிறது,
கால் நிறுத்திக்கொண்டிருக்கிறது.
ஓட ஓட இன்னும் பலமாக நிறுத்தியிருக்கிறது.
எண்ணெய்க் குழாய் எட்டாத தூரம் அது.

அந்த முதல் இரண்டு விநாடி?
கேட்பார்கள். தெரியாது என்பேன்.
அதுவும் மனப்பாடம்தான்.

காலணியைத் திருப்பி அனுப்பும் படிவத்தில்
"ஜோடி" என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

இப்போது டாக்சிக்காரர்கள்
ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னக் கேமரா மாட்டுகிறார்கள்,
நாளைக்குத் தங்கள் காலுக்குச் சாட்சி வேண்டுமென்று.
எங்கள் ஆய்வகத்தில் பாதிப் பேர் மாட்டிவிட்டோம்.
வெளியே சொல்வதில்லை.

வொன்ஜு பாலத்தடி சிக்னலில்
ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது.
திரையில், பச்சை நிற இருட்டில்,
யாருடையதோ போல ஒரு பாதம்
பிரேக்மேல் படுத்திருந்தது.
நூலாம்படை ஒட்டிய காலுறை விளிம்பு.
விளக்கு மாறியது.
போகலாம் என்று நான் நினைப்பதற்குள்
அது எழுந்து
பக்கத்துப் பெடலுக்குப் போய்விட்டது.