இரண்டு டாலர் பேய்க்கணவாய்

பகலில் என் கையில் அமிலக் குப்பி.
கல்முனைக் கிளையின் அடகு மேசையில்
கொடியை உரைகல்லில் இழுத்து
மஞ்சள் கோடு கரைகிறதா என்று பார்க்கிறவள் நான்.
யாருடைய காப்பையும் தோட்டையும்
கூசாமல் தொடுவேன்.

இரவில், பாண்டிருப்பு வீட்டில்,
பருத்திக் கையுறை போட்டுத்தான்
என் காசுகளைத் திறப்பேன்.
விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.
ஒரு விரல் ரேகை பட்டால் போதும்,
கடற்காற்று அதைக் கறுப்பு மையால்
திரும்ப எழுதிவிடும்.

ஒரு அவுன்ஸ் வெள்ளி, மேலே வர்ணம்.
நீல நண்டு, கொடுக்கில் மஞ்சள் பொடிக்கல்.
சுறாவுக்குப் பல்லொன்று சிர்க்கோன்.
கடற்குதிரையின் வயிற்றில் பச்சை.
திருக்கை, அதன் முதுகில் ஏழு நீலப் புள்ளி;
ஒன்று கழன்று, ஒரு ஞாயிறு முழுக்க
சீமெந்துத் தரையில் கன்னம் வைத்துத் தேடினேன்.
எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ‘இரண்டு டாலர்’.
அந்தத் தீவில்கூட அதைக் கொடுத்து
ஒருவரும் தேங்காய் வாங்கியிருக்க மாட்டார்.

கேஸ் வரிசை வீதி முடியுமட்டும் நின்ற வருஷமும்
ஒன்றையும் விற்கவில்லை. விறகு கொத்தினேன்.

ஐந்தாவது குழி வெறுமை.
கறுப்பு வெல்வெட்டில் ஒரு வட்டம்,
மூன்று வருஷமாய்.

மாரி மழைக்குள் உதுமாலெவ்வை வந்தார்,
சாய்ந்தமருதில் படகு எஞ்சின் திருத்துகிறவர்.
சட்டைப் பையிலிருந்து பொலித்தீனை அவிழ்த்தார்:
ஊதா நிறம். எட்டுக் கை.
ஒற்றைக் கண்ணில் சிவப்புக் கார்னெட்.

“மச்சான் போலந்திலரிந்து அனுப்பினான்.
பேய்க்கணவாயையும் காசில அடிக்கானுகள், பாருங்க.
இத வெச்சா எவ்வளவு தருவீங்க?”

வெறுங்கையால் பிடித்திருந்தார். கிரீஸ் விரல்.
மேசைக்கடியில் என் முழங்கால் ஆடியது.
“வெள்ளி எடுக்கிறதில்லை” என்றேன். அது சட்டம்.
“விக்கிறண்டா?”
“வெள்ளி விலைதான். ஒன்பதாயிரம் வரும்.”
அதுவும் பொய்யில்லை,
தராசைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.
ஐந்நூறு மட்டுமே அடித்தார்கள் என்பதை,
போன ஏலத்தில் எண்பதுக்குப் போனதை
நாக்குக்கடியில் வைத்துக்கொண்டேன்.
“வேண்டுமென்றால் நான் பன்னிரண்டு தாறன்.”

அவர் காசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
சத்தத்தைக் கேட்டே
எந்த வால்வு என்று சொல்லுகிற மனிதர்.
“வேணாம் தங்கச்சி.
உங்கட கண் அதிலயே நிக்கிது.”
பொலித்தீன் மடிந்தது.
“மறுகா வாறன்.”

தை மாதம், ஆஸ்பத்திரி வாசலில்
மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.
அவள் கழுத்தில் கறுப்புக் கயிறு.
கயிற்றில் என் ஐந்தாவது காசு.
மேல் விளிம்பில் துளை.
மூன்று கைகளில் ஊதா உரிந்திருந்தது.
“காய்ச்சல் விட்டுவிட்டு வருகிது.
கண்ணூறு எண்டாங்க. ஓதியும் பாத்தம்.
உம்மாக்காரி சொன்னா, கண்ணுக்குக் கண்ணாக்
கிடக்கட்டுமாம்.”

முதலில் வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன்:
இனி அது வெள்ளி விலைதான்.
துளை எடையைக் கழித்தால்
அதுவும் இல்லை.
பிறகு இன்னொன்று கேட்டேன், வெட்கமில்லாமல்:
“தட்டார் துளைச்ச தூள் என்ன ஆச்சு?”
“ஊதியிருப்பான்” என்று சிரித்தார்.
பிள்ளை இருமினாள்.
நெஞ்சு ஏறி இறங்க
சிவப்புக் கல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
மீன் லொறி ஒன்று போனது.
அதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மனைவியின் வளையலுக்கு வட்டி கட்ட
மாதம் ஒருமுறை வருகிறார்.
ரசீது எழுதுகிறேன். மிச்சம் எண்ணுகிறேன்.
பிள்ளைக்கு எப்படி என்று
கேட்க வாய் வரைக்கும் வரும்.
கேட்பதில்லை.
கேட்டால்
எதைக் கேட்கிறேன் என்று
அவருக்குத் தெரிந்துவிடும்.